இரண்டு பேரும் சேர்ந்து போங்கள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவும் அம்மாவும் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சுகம். அங்கே நீ நலமா என்று கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது என் வழக்கம், இந்த முறை அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. உனக்கு ஒரு கீறல்கூட இல்லை என்பது தெரியும், நீ நலமாக இல்லை என்பதும் தெரியும், அதனால் கேட்கவில்லை. முதலில் ஒரு காரியம் செய். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவரை வாசலிலேயே நிற்கவைத்து நன்றி சொல்லி அனுப்பிவிடாதே. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து சூடாக ஒரு டீ போட்டுக் கொடு, சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாகப் போடு, அவருக்கு அப்படித்தான் பிடிக்கும். கூச்ச சுபாவம், வேண்டாம் என்று கையை ஆட்டுவார், நீ கண்டுகொள்ளாதே. அவர் குடித்து முடிப்பதற்குள் நீ இதைப் படிக்க ஆரம்பித்துவிடலாம். நம் எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்தில் அவரைப் பற்றியே எழுதி அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ எப்படிப் பேசுவாய் என்று எங்களுக்குத் தெரியாதா, ‘சரிப்பா, சரிம்மா, அப்புறம் கூப்பிடறேன்’ என்பாய், அழுகை வந்தால் வீடியோவை அணைத்துவிட்டு சிக்னல் சரியில்லை என்பாய். காகிதத்தில் அந்தச் சாக்குச் சொல்ல முடியாது.

நீ பிழைக்கப் போன நாட்டுக்கு இப்படி ஒரு அடி விழுந்திருக்கிறது. அந்த நாட்டை நான் பார்த்ததில்லை, நீ அனுப்பும் படங்களில் தெரிகிற பனியும் உன் ஜன்னலுக்கு எதிரே இருக்கிற சிவப்புக் கட்டடமும் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனாலும் அந்த மண்ணில் விழுந்த அடி நம் வீட்டுக்குள்ளும் கேட்டது. அன்று காலையில் நான் நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடை ரேடியோவை உனக்கு ஞாபகம் இருக்கும், செல்போன் பழுதுபார்க்கிறவர், ஊரில் எந்தச் செய்தியும் அவர் வாய்வழியாகத்தான் வெளியே வரும் என்று நீதான் சின்னப் பிள்ளையில் அந்தப் பெயரை வைத்தாய். அவர் கடைக்குள் வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். லென்ஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். திரையில் சேறு கலந்த தண்ணீர், தண்ணீருக்கு மேலே கூரைகள், ஒரு கூரையின் மேல் நாய் ஒன்று இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அணை உடைந்துவிட்டது, பள்ளத்தாக்கில் இருந்த ஊரெல்லாம் போய்விட்டது, கீழே எழுதியிருந்தது நீ இருக்கும் நாட்டின் பெயர். உன் வீட்டு எண் எனக்கு மனப்பாடம், தெருப் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், ஆனால் உன் வீட்டிலிருந்து ஆறு எந்தப் பக்கம் இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா அதற்குள் யார் மூலமோ கேட்டுவிட்டு நடுக்கூடத்தில் நின்றபடி உனக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள், லைன் போகவில்லை, திரும்பத் திரும்ப அதே பதிவுக் குரல்தான் வந்தது. கடைசியில் நீ எடுத்து, ‘அம்மா, நான் லேப்லதான் இருக்கேன், அணை இங்கேருந்து ரொம்ப தூரம், பயப்படாதீங்க’ என்றபோது அம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் நன்றாகச் சாப்பிட்டோம். ரேடியோ வந்து கேட்டபோது நான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். நம் பிள்ளை பிழைத்துவிட்டாள் என்ற நினைப்பில், மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் இருக்கிறார்கள் என்பது அன்று எங்களுக்கு உறைக்கவே இல்லை.

அதன் பிறகுதான் நீ உன் பக்கத்து மேசைக்காரியைப் பற்றிச் சொன்னாய். அவள் பெயர் எங்கள் நாக்கில் புரளாது என்பதால் எங்களுக்கு அவள் எப்போதும் பக்கத்து மேசைக்காரிதான். ரத்தப் பரிசோதனைக் குழாய்களில் ஒட்டும் சீட்டுகளில் எழுதி எழுதி உனக்கு அந்த ஊர் பாஷையைச் சொல்லிக்கொடுத்தவள், தொப்பி இல்லாமல் நீ வெளியே கிளம்பினால் வாசலில் வந்து மறிக்கிறவள், உன் வெந்நீர்க் குழாய் உறைந்துபோன அன்று தன் வீட்டில் படுக்கவைத்தவள். அவள் அந்த வாரம் விடுமுறை எடுத்துக்கொண்டு தன் அம்மாவைப் பார்க்கப் பள்ளத்தாக்குக்குப் போனாள் என்றும், அம்மா மேட்டில் இருந்த மருத்துவமனையில் இருந்ததால் பிழைத்தாள், வீட்டில் இருந்த அவள் பிழைக்கவில்லை என்றும் நீ சொன்னாய். சொல்லிவிட்டு, ‘அப்பா, இங்க எல்லாரும் ஒண்ணா நின்னு அழறாங்க, நான் கடைசி வரிசைல நிக்கறேன். அவங்க நாடு, அவங்க ஜனங்க. அவங்க அழறப்ப நடுவுல போய் நான் அழலாமான்னு தெரியல. அவ அம்மாவை ஒரு பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருக்காங்களாம், போய்ப் பாக்கணும்னு இருக்கு, நான் யாருன்னு சொல்லிட்டுப் போய் நிப்பேன்’ என்றாய். கொஞ்சம் பொறுத்து, ‘நான் வந்துடட்டுமா?’ என்றும் கேட்டாய்.

நீ அப்படிக் கேட்க வேண்டும் என்று அம்மா எத்தனை வருஷமாகக் காத்திருந்தாள் என்று உனக்கே தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போனைப் பிடுங்கி, ‘உடனே வா, வேலையாவது ஒண்ணாவது’ என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த கையோடு உன் அறையைத் திறந்து, அங்கே அடைத்து வைத்திருந்த என் பழைய ஃப்ரேம் பெட்டிகளையெல்லாம் வெளியே தள்ளினாள், மெத்தையை வெயிலில் போட்டாள், ஜன்னல் கம்பியைக்கூடத் துடைத்தாள். உன் அத்தைக்குப் போன் போட்டு, பிள்ளை வருகிறாள், இனிமேல் இங்கேயேதான் என்று சொல்லியும் விட்டாள். நான் தடுக்கவில்லை. எனக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன.

இப்போது உன் எதிரே டீ குடித்துக்கொண்டிருப்பவரிடம் வருகிறேன். நம் தெருவில் அவரை மெஷின்காரர் என்றுதான் கூப்பிடுவோம். நூல் மில்லுக்குப் புது இயந்திரங்கள் வந்தபோது அவற்றைப் பூட்டிக் கொடுக்கவும் ஓட்டிக் காட்டவும் அந்த நாட்டிலிருந்து வந்தவர், சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிற மாடி அறையில் தனியாகக் குடியிருக்கிறார். உயரம் அதிகம், நம் தெரு வாசல் நிலை எல்லாவற்றிலும் ஒரு தடவை நெற்றியை இடித்துக்கொண்டிருக்கிறார். கண் ரொம்ப மோசம், கனமான மைனஸ் லென்ஸ், கண்ணாடியைக் கழற்றினால் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறவர் முகம்கூடப் புலப்படாது. வருஷத்துக்கு ஒரு தடவை என் கடைக்கு வருவார், கையால் பேசிக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். அணை உடைந்ததற்கு மறுநாள் சைக்கிள் கடைக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி வந்தார். செய்தியைப் பார்த்த பதற்றத்தில் கண்ணாடியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார், ஒரு லென்ஸ் விரிசல் விட்டு, ஃப்ரேமின் ஒரு கை ஒடிந்து கிடந்தது. போனைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார், அப்படியும் எழுத்துத் தெரியவில்லை. அவர் பவருக்கு லென்ஸ் வரவழைக்கத்தான் வேண்டும், ஆனால் இந்த நேரத்தில் ஒரு மனுஷனைக் குருடாக உட்காரவைப்பதா என்று, உடையாத லென்ஸை வைத்துக்கொண்டு, மற்றதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒன்றைத் தேடித் தேய்த்து, பழைய பழுப்பு நிற ஃப்ரேம் ஒன்றில் போட்டுக் கொடுத்தேன். வேலை முடிகிறவரை அவர் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். உன் பக்கத்து மேசைக்காரி உன்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவாள் என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தாயே, அதன் சாயல் அதில் இருந்தது. அண்ணனோ தம்பியோ அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கடைக்கு வந்திருந்த ஒருவர் அவரைப் பார்த்து, இறந்தவர்கள் எத்தனை பேராம் என்று விரலை மடக்கிக் கேட்டார், பாவம், அவருக்கும் வேறெப்படி விசாரிப்பது என்று தெரியவில்லை. நான் கண்ணாடியை மாட்டிவிட்டு, தோளில் தட்டி, ‘எல்லாம் சரியாயிடும்’ என்றேன். ஃப்ரேம் சரியில்லை என்று வருகிறவர்களிடம் சொல்கிற அதே குரல். அவருக்கு நம் பாஷை தெரியாது என்றாலும் குரல் தெரியுமே, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டில் இதைச் சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, ‘அவர் ஏதாவது சாப்பிட்டாரா?’ என்பதுதான். கேட்கவில்லை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத வேண்டியதில்லை, நீ வளர்ந்ததே அந்தப் பார்வைக்குக் கீழேதான். ஒரு பாத்திரத்தில் சூப்பும் கொஞ்சம் ரொட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள், நான் பின்னாலேயே போனேன். மாடிப்படி குறுகல், அவள் முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக ஏறினாள். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி. மேசை மேல் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போன், அதன் முன்னால் அவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தந்தார். அம்மா அவரையே அதில் உட்காரச் சொல்லிவிட்டு, அவருடைய இரும்புக் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். நான் கதவோரம் நின்றேன். அம்மா நேராகவே ஆரம்பித்தாள், ‘உங்க ஆளு கிடைச்சிடுவாருன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. நீங்க கொஞ்சம் சாப்பிடுங்க. நாங்க இங்கதான் உட்கார்ந்திருப்போம்’ என்றாள், ஏதோ நம் சொந்தக்காரரிடம் பேசுகிற மாதிரி. அவர் இரண்டு வாய் குடித்தார். பிறகு அவர் பாஷையில் பேச ஆரம்பித்தார். இவள் குறுக்கே நம் பாஷையில் பேசினாள். அவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார், அவரை விடக் குட்டையான, சிரித்த முகமாக ஒரு மனுஷன், மாவு படிந்த மேலங்கியோடு. இவள் தன் போனில் உன் படத்தைக் காட்டி, ‘இவ என் பொண்ணு, உங்க நாட்டுலதான் இருக்கா’ என்றாள். வெளியிலிருந்து கேட்டால் இரண்டு பேரும் நெடுநாள் பழகியவர்கள் என்றுதான் நினைப்பார்கள். திரும்பி வரும்போது அம்மா, ‘அவங்க அண்ணனுக்கு முட்டி வலியாம்’ என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றால், ‘முட்டியைத் தொட்டுக் காட்டினாரே, எனக்குத் தெரியாத வலியா’ என்கிறாள். பிறகு மில் ஆபீஸில் அந்த நாட்டுப் பாஷை கொஞ்சம் கற்றுவைத்திருக்கிற கிளார்க் பெண் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது, அண்ணன் வாலிபத்தில் பெரிய கால்பந்தாட்டக்காரராம், அதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். அண்ணன் ஒருவர்தான் அவருக்கு உறவென்று இருந்தவர். ரொட்டி சுடுகிற அடுமனை வைத்திருந்தார், அது ஆற்றங்கரையை ஒட்டி இருந்தது, அணை உடைந்த நேரம் அவர் அடுப்பு மூட்டப் போயிருந்த நேரம்.

ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அம்மா போனாள். நான் கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டுக் கூடப் போனேன். அவருக்குச் சரியான லென்ஸ் வந்ததும் மாற்றிக் கொடுத்தேன், பழுப்பு ஃப்ரேமே போதும் என்று சைகை செய்தார். இந்தச் சமயத்தில் மில்லில் ஒருவரும் அவரிடம் பேசவில்லையாம். கெட்ட எண்ணத்தில் இல்லை, என்ன பேசுவது, எந்தப் பாஷையில் பேசுவது என்று தெரியாமல், அவர் வந்தால் எல்லாரும் இயந்திரத்தைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொள்வார்களாம், கிளார்க் பெண் வருத்தப்பட்டுச் சொன்னாள். பிறகு அண்ணனின் உடல் கிடைத்ததாகச் செய்தி வந்தது. போவதற்கு வழி இல்லை, பாலங்கள் போய்விட்டன, விமானமெல்லாம் நிவாரணத்துக்கு மட்டும்தான் என்றார்கள், இங்கிருந்து அவர் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும், பல பேரை ஒன்றாக அடக்கம் செய்கிறார்கள், காத்திருக்க மாட்டார்கள். அதனால் அந்த அறையிலேயே உட்கார்ந்து போனில் பார்த்தார். கிளார்க் பெண் முன்கூட்டியே எங்களிடம் சொல்லியிருந்தாள். அம்மா அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கீழே சைக்கிள் கடைக்காரர் ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு மேலே வந்தார். ரேடியோ வந்தார். மில்லில் ஷிஃப்ட் முடிந்து கிளம்பியவர்கள் எப்படியோ கேள்விப்பட்டு ஒவ்வொருவராக வந்தார்கள், அறையில் இடம் இல்லாமல் மாடிப்படியில் நின்றார்கள், படியிலும் இடம் இல்லாமல் தெருவில் நின்றார்கள். பார்க்கிற மாதிரி ஒன்றும் இல்லை, சின்னத் திரையில் மழையும் குடையும் வரிசையாகப் பெட்டிகளும் மட்டும்தான், எது அவர் அண்ணன் என்றுகூடத் தெரியாது. அவர் ஒரு பெட்டியை விரலால் தொட்டார், கிளார்க் பெண்ணிடம் ஏதோ சொன்னார், இதுவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன் என்றாராம். கண்ணாடி நனைந்துவிட்டது. நான் பையில் எப்போதும் வைத்திருக்கிற துணியால் துடைத்து மாட்டிவிட்டேன், மறுபடி நனைந்தது, மறுபடி துடைத்தேன். அன்று நான் செய்தது அவ்வளவுதான். பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் அருகே வந்து கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள், ஒருவர் நம் பாஷையில் ‘மனசைத் தேத்திக்கோங்க சார்’ என்றார், ஒருவர் ஒன்றும் சொல்லத் தெரியாமல் அறை ஓரத்து அடுப்பருகே கிடந்த பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். ரேடியோ ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார், கடைசிவரை அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த மனுஷன் இவ்வளவு நேரம் வாய்மூடி இருந்து என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

எல்லாரும் போன பிறகு மெஷின்காரர் கிளார்க் பெண்ணை வைத்து எங்களிடம் பேசினார். அவர் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ‘செய்தி வந்த அன்னைக்கு நான் இந்த ஊர்ல எனக்கு யாரும் இல்லைன்னு நினைச்சேன். அழறதுக்குக்கூட இங்க எனக்கு இடம் இல்லைன்னு நினைச்சேன், ஏன்னா இது என் ஊர் இல்லை, இவங்க யாருக்கும் எதுவும் நடக்கலை. அப்புறம் இந்த அம்மா வந்து என் பெட்டி மேல உட்கார்ந்தாங்க’ என்றாராம். அதைக் கேட்டதும் அம்மா சட்டென்று எழுந்து கீழே இறங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உன் அறை வாசலில் நின்று மெத்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம், ‘நான் அவளைத் தப்பா வரச் சொல்லிட்டேன்’ என்றாள். நான் அவளிடம், உனக்கு மகள் பக்கத்தில் வேண்டும் என்றுதானே வரச் சொன்னாய், எனக்கும் வேண்டும்தான், அவளுக்கும் இப்போது நம் மடி வேண்டியிருக்கும், வரட்டுமே என்றேன். அதற்கு அவள் என்மேல் எரிந்து விழுந்தாள். ‘அவ இப்ப வந்துட்டா பள்ளிக்கூடத்துல இருக்கிற அந்த அம்மாகிட்ட போய் யாரு உட்காருவா? தன் பொண்ணு லேப்ல என்ன பேசினா, எதுக்குச் சிரிச்சா, மத்தியானம் என்ன சாப்பிட்டான்னு அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? நம்ம பொண்ணு அங்க எப்படி இருக்கான்னு நமக்கு என்ன தெரியுது? பக்கத்து மேசைல இருந்த நம்ம பொண்ணுக்குத்தானே அதெல்லாம் தெரியும். அதை அந்த அம்மாகிட்ட குடுக்காம எப்படிப் பெட்டியைத் தூக்கிட்டு வருவா’ என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டபோதுகூட அவள் அவ்வளவு அழவில்லை.

இப்போது வழி திறந்திருக்கிறது, மில்லில் அவருக்கு விடுப்பும் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் வீட்டைப் போய்த் திறக்க வேண்டும், இருக்கிறதோ இல்லையோ பார்க்க வேண்டும். போகப் பயமாக இருக்கிறது என்று அவரே சொன்னார், எப்போது போனாலும் ரயிலடியில் அண்ணன் நிற்பாராம். உனக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போகத் தயக்கம். ஒரே பள்ளத்தாக்குதான், ஒரே ரயில்தான் என்று அவர் வரைபடத்தில் காட்டினார். அதனால் நாங்கள் கேட்பது, இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். அவர் வீட்டு வாசலில் நீ கூட நில், அந்த அம்மாவிடம் நீ பேசத் திணறினால் அவர் உனக்குச் சொல் எடுத்துக் கொடுப்பார். இது உத்தரவு இல்லை மகளே. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல், உன் மெத்தை வெயில் பட்டுக் கதகதப்பாக இருக்கிறது, எந்த நாளும் நீ வந்து படுக்கலாம். நீ வந்தாலும் வராவிட்டாலும் அம்மா அதை இனி உள்ளே மடித்து வைக்கப் போவதில்லை என்று சொல்லச் சொல்கிறாள், என் பெட்டிகளுக்கு வேறு இடம் பார்க்க வேண்டுமாம். நீ கேட்ட இன்னொரு கேள்விக்கு, அங்கே நடுவில் நின்று அழலாமா என்றதற்கு, எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நம் தெருவில் அன்று மாடிப்படியில் நின்றவர்களில் பலருக்கு அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது, ஆனாலும் சிலர் அழுதார்கள், யாரும் அவர்களை நீ ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. இதை மட்டும் உனக்குச் சொல்கிறேன்.

போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லாதே, நான் சொல்லி அவதிப்பட்டது போதும். எப்படி நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது என்று அவர்களைக் கேட்காதே. அந்த அம்மா உன்னைப் பார்க்க மாட்டேன் என்றால் மனசில் வைத்துக்கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் போ. கோபமாகப் பேசினாலும் கேட்டுக்கொள், தன் பிள்ளை இல்லாத இடத்தில் இன்னொரு பிள்ளை உயிரோடு வந்து நிற்கும்போது யாருக்கும் நெஞ்சு கொதிக்கத்தான் செய்யும். கம்பளிக் கையுறையை மறந்துவிடாதே, அங்கே தண்ணீர் வடிந்த இடமெல்லாம் குளிர் அதிகம் என்கிறார்கள். காய்ச்சாத தண்ணீரைக் குடிக்காதே. மெஷின்காரர் வழியில் சாப்பிட மறந்துவிடுவார், கவனித்துக்கொள். வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் செய்கிறது, உன் அத்தை பல் கட்டிக்கொண்டாள், பேச்சில் கொஞ்சம் காற்று போகிறது, நீ இப்போது வராமலும் போகலாம் என்று சொன்னதும் அந்தக் காற்றோடேயே என்னைத் திட்டினாள். அம்மா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறாள், மாடிப்படி ஏறியதில் வலி கூடியிருக்கிறது, சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இனி எழுதப்போவது உனக்கு இல்லை, அந்த அம்மாவுக்கு. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள், ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதுங்க, உங்க கடைக் குரல் வேண்டாம் என்று உத்தரவு. நீ அவர்கள் பாஷையில் ஆக்கிச் சொல். ‘அம்மா, நான் உங்களைப் பார்த்ததில்லை. என் பொண்ணு உங்க பொண்ணு பக்கத்துல வேலை பாத்தா. உங்க பொண்ணு எங்க பாஷையில ஒரே ஒரு வார்த்தை கத்துக்கிட்டா, சாப்பிட்டியான்னு கேக்கறது. தினமும் மத்தியானம் அந்த வார்த்தையைச் சொல்லி என் பொண்ணைக் கேப்பாளாம், உச்சரிப்பு சரியா வராம ரெண்டு பேரும் சிரிப்பாங்களாம். இவ்வளவு தூரத்துல இருந்துகிட்டு எம்பொண்ணைக் கேக்க ஆள் இல்லையேன்னு நான் தினமும் கவலைப்படுவேன். உங்க பொண்ணு கேட்டுக்கிட்டிருந்தா. உங்களுக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல முடியும், எனக்குத் தெரியல. எம்பொண்ணு இருக்கா, உங்க பொண்ணு இல்ல, இதை எப்படிச் சொன்னாலும் உங்களுக்குச் சுடும். உங்க பிள்ளையை நல்லா வளத்திருந்தீங்க. அவளை நினைச்சு இந்த வீட்டுலயும் ஒருத்தி அழுதான்னு உங்களுக்குத் தெரியணும். நீங்க சாப்பிடுங்க.’ அவ்வளவுதான் சொன்னாள், கடைசியில் இதுவும் போதவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மகளே, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு உண்டு, இந்த முறை உன் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும், உன் கூட வேலை செய்கிறவர்களுக்கும், அந்தப் பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிற அத்தனை பேருக்கும் அதில் பங்கு வைத்து எழுதுகிறேன். நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்பு. ஒன்றே ஒன்று மறக்காதே, அம்மா கதவருகே வந்து நின்று நினைவுபடுத்தச் சொல்கிறாள். உன் பக்கத்து மேசை நாற்காலியில் அவளுடைய ஸ்வெட்டர் இன்னும் தொங்குகிறது, எடுக்க யாருக்கும் கை வரவில்லை என்று போன தடவை சொன்னாயே, அதை எடுத்துக்கொண்டு போய் அவள் அம்மாவிடம் கொடு. மடித்து ஒரு பையில் வைத்துக் கட்டிக்கொள். துவைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா, அம்மா